ஏழு பெரிதா, மூன்று பெரிதா?

ஏழு பெரிதா, மூன்று பெரிதா என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடக் கை கொட்டிச் சிரிக்கும். ஆனால் கம்ப்யூட்டர் கடைப் படியேறிவிட்டால் இந்தக் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. அங்கே மூன்று, ஏழை ஓட ஓட விரட்டுகிறது! இந்த விந்தை தெரியாமல் ஏழுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, பிறகு தலையில் கை வைத்துக் கொள்கிறவர்கள் உண்டு. நம் வாசகிகளில் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் சேராமல் இருக்கட்டுமே என்றுதான் விஷயத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லப் போகிறேன்.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். சேலத்தை அடுத்த இளம்பிள்ளை என்று வைத்துக் கொள்ளுங்கள். சேலை நெசவுக்குப் பெயர் போன ஊர். வீட்டுக்காரருக்குச் சொந்தத்தில் தறி உண்டு. அம்மாள், தங்கள் தறிக்கும் அக்கம்பக்கத்துத் தறிகளுக்கும் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போட்டுத் தருகிறார். பெண் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் இருக்கிற பழைய பெட்டி, ஒரு மாங்காய்க் கரையை நிறம் மாற்றச் சொன்னால், மேட்டில் ஏறுகிற மாட்டு வண்டி மாதிரி முக்கி முனகுகிறது. இந்த மாதம் ஏலச் சீட்டு எடுத்தாயிற்று. புதுப் பெட்டி வாங்கிவிடலாம் என்று இருவரும் கடைக்குப் போகிறார்கள்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டுகிறார்.

"ஏனுங்கம்மா, இது ஐ-7ங்க. பெரிய கம்பெனி ஆபீஸுல ஓடினது. தொடச்சு, சரி பண்ணி வெச்சிருக்கோம். பாதி வெலைதானுங்க. அது புதுசு. ஆனா வெறும் ஐ-3."

"ஏழு இருக்கறப்ப மூணு எதுக்கு? மிச்சப் பணத்துல பாவு நூலாச்சும் வாங்கிப் போடலாம்" என்கிறார் வீட்டுக்காரர்.

"கொஞ்சம் பொறுங்க. எது என் டிசைனைச் சீக்கிரம் முடிக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் பேசலாம்" என்கிறார் அம்மாள்.

கடைக்காரர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. அது ஐ-7 என்பதும் வாஸ்தவம், இது ஐ-3 என்பதும் வாஸ்தவம். ஆனால் அந்த "வெறும்" என்ற ஒரு சொல்லில்தான் சூட்சுமம் அத்தனையும் ஒளிந்து கொண்டிருக்கிறது.

இரண்டு ஜாதகங்கள்

பெட்டிக்குள்ளே கணக்குப் போடுகிற மூளைக்குப் பிராஸஸர் என்று பெயர். விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய சில்லு. மற்றதெல்லாம், திரை, விசைப் பலகை, பெட்டி, விசிறி எல்லாமே, அதற்குச் சேவகம் செய்யப் பிறந்தவைதான். நம் கடைக்காரர் காட்டிய இரண்டு பெட்டிகளில் இருக்கும் பிராஸஸர்களின் முழுப் பெயரைப் பார்ப்போம். பழையது, இன்டெல் கோர் ஐ-7 4770. 2013-ம் ஆண்டு ஜூன் மாதம் சந்தைக்கு வந்தது. புதியது, அதே இன்டெல் கம்பெனியின் கோர் ஐ-3 12100. 2022-ம் ஆண்டு ஜனவரியில் வந்தது. இருவருக்கும் எட்டரை வயது வித்தியாசம்.

ஜாதகத்தைப் பிரித்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகளோ என்று தோன்றும். இதற்கும் நான்கு கோர். அதற்கும் நான்கு கோர். கோர் என்பது தனித்தனியே வேலை பார்க்கக் கூடிய ஓர் ஆள் என்று வைத்துக் கொள்ளலாம். இரண்டுக்குமே எட்டு திரெட். ஒரு விசைத்தறிக்காரர் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தறிகளை ஓட்டுகிறார் அல்லவா? ஒன்றில் இழை அறுந்து நின்றால் அது சரியாகும் வரையில் மற்றொன்று சும்மா இருப்பதில்லை. அது மாதிரி ஒரு கோர், இரண்டு வேலைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக் கொள்ளும் ஏற்பாடு அது. "திரெட்" என்றால் நூல் என்றுதானே அர்த்தம்? சேலத்துக்காரர்களுக்கு நூலைப் பற்றிச் சொல்லித் தரவா வேண்டும்!

வேகத்தைப் பார்ப்போம். பழையது 3.4 கிகாஹெர்ட்ஸ், அவசரமானால் 3.9 வரை போகும். புதியது 3.3; அவசரமானால் 4.3. அடிப்படை வேகத்தைப் பார்த்தால் பழையதுதான் ஒரு படி மேல்!

ஆக, கோர் சமம்; நூல் சமம்; வேகமும் ஏறக்குறையச் சமம். பெயரிலோ அது ஏழு, இது மூன்று. விலையோ அது பாதி. வீட்டுக்காரர் சொன்னதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்பீர்கள்.

முதலில் இந்த ஏழு, மூன்று விவகாரத்தைத் தீர்த்துவிடுவோம். இன்டெல்காரர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் பல தரங்களில் பிராஸஸர் செய்கிறார்கள். மூன்று என்றால் சிக்கனமானது, ஐந்து நடுத்தரம், ஏழு உயர்தரம், ஒன்பது அதற்கும் மேல். இந்த வகுப்புப் பிரிவினை அந்தந்தத் தலைமுறைக்குள் மட்டுமே செல்லும். நீராவி இஞ்சின் காலத்து ரயிலின் முதல் வகுப்பில் மெத்தை போட்ட இருக்கையில் ஒருவர் சென்னைக்குப் புறப்பட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். இன்னொருவர் இன்றைக்குச் சேலத்தில் வந்தே பாரத் வண்டியின் சாதாரணப் பெட்டியில் ஏறினார். முதலில் சென்னை போய்ச் சேருகிறவர் யார்? வகுப்பைக் கேட்பதற்கு முன்னால் எந்தக் காலத்து வண்டி என்று கேட்க வேண்டாமா?

அந்தக் கேள்விக்கு விடை, பெயருக்குப் பின்னால் வருகிற எண்ணிலேயே இருக்கிறது. 4770 என்பதில் முதலில் நிற்கும் 4, நான்காவது தலைமுறை என்று சொல்கிறது. 12100 என்பதில் முதலில் நிற்கும் 12, பன்னிரண்டாவது தலைமுறை. கடைப் பலகையில் "ஐ-7" என்பதைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இந்தப் பின் எண்ணை விழுங்கிவிடுகிறார்கள். பெயரைச் சொல்லிக் கோத்திரத்தை மறைக்கிற தரகர் வேலைதான் இது.

அகலத் தறி

சரி, தலைமுறை மாறினால்தான் என்ன? வேகம் அதேதானே என்றால், இங்கேதான் ருசிகரமான சங்கதி வருகிறது.

கிகாஹெர்ட்ஸ் என்பது துடிப்புக் கணக்கு. 3.4 என்றால் ஒரு விநாடியில் 340 கோடித் துடிப்பு. தறியில் நாடா குறுக்கே ஒரு தரம் ஓடினால் ஓர் ஊடை விழுகிறது அல்லவா? அது போல. ஆனால், நிமிஷத்துக்கு எத்தனை தரம் நாடா ஓடுகிறது என்பதை மட்டும் வைத்துக் கொண்டு எத்தனை துணி நெய்தாயிற்று என்று சொல்ல முடியுமா? தறியின் அகலத்தையும் கேட்க வேண்டாமா? ஒரு தறி ஒற்றைத் துணி நெய்கிறது. இன்னொன்று அகலத் தறி; அதே ஓட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துணி நெய்துவிடுகிறது. சத்தம் ஒன்றுதான். சாயங்காலம் மடித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பழைய 4770, ஒவ்வொரு துடிப்புக்கும் நான்கு கட்டளைகளைப் பிரித்து உள்ளே அனுப்பும் அகலம் கொண்டது. 12100 ஆறு கட்டளைகளை அனுப்பும். இது வாசல் அகலம் மட்டும்தான். உள்ளே போனால் இன்னும் பெரிய வித்தியாசங்கள்.

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற கெட்டிக்கார ஆளைப் பார்த்திருப்பீர்கள். ஓர் இலையில் சாம்பார் வரவில்லை என்றால் அங்கேயே நின்று கொண்டிருக்க மாட்டார். அடுத்தடுத்த இலைகளுக்குப் பொரியலையும் அப்பளத்தையும் போட்டுக் கொண்டே போவார். சாம்பார் வாளி வந்ததும் திரும்பி வருவார். பிராஸஸரும் இதையேதான் செய்கிறது. ஒரு கட்டளைக்கு வேண்டிய சரக்கு வந்து சேரவில்லை என்றால், பின்னால் வரிசையில் நிற்பவற்றில் முடிகிறதை முடித்துக் கொள்ளும். அப்படி எத்தனை இலையை ஒரே சமயத்தில் கண்ணில் வைத்துக் கொள்ள முடியும் என்பதில்தான் சாமர்த்தியம். 4770-க்கு 192, 12100-க்கு 512.

அப்புறம் அஞ்சறைப் பெட்டி. கடுகு, சீரகம் கை எட்டும் தூரத்தில் இருந்தால் தாளிப்பு கருகாது. ஒவ்வொன்றுக்கும் பரண் மேல் ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பிராஸஸருக்குள்ளும் இப்படிக் கைக்கெட்டும் சேமிப்பு உண்டு; கேஷ் என்பார்கள். ஒவ்வொரு கோருக்கும் தனக்கென்றே உள்ள இரண்டாம் தட்டு, பழையதில் 256 கிலோபைட், புதியதில் 1.25 மெகாபைட். ஐந்து மடங்கு! எல்லாக் கோருக்கும் பொதுவான பெரிய தட்டு, அதில் 8 மெகாபைட், இதில் 12. பரண் என்று சொன்னேனே, அந்த ராம் நினைவகம்கூடப் பழையதற்கு 1600 வேகம், புதியதற்கு 3200. பரணுக்குப் போனாலும் அதே நேரத்தில் இரண்டு மடங்கு சரக்கை இறக்கிக் கொண்டு வரலாம்.

இத்தனையும் சேர்ந்து என்ன பலன்? பிராஸஸர்களை ஓட்டப் பந்தயம் விடுவதற்கென்றே சினிபெஞ்ச் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. எல்லாப் பிராஸஸருக்கும் ஒரே படத்தைக் கொடுத்து வரையச் சொல்லி மார்க் போடும். ஒரே ஒரு கோரை மட்டும் ஓடவிட்டால், புதிய மூன்று, பழைய ஏழைவிட ஒன்றரை மடங்குக்கு மேலேயே வேகம். நான்கையும் ஓடவிட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பழையது பத்து நிமிஷம் எடுத்துக் கொள்கிற வேலையை "வெறும்" மூன்று ஐந்தாறு நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக் கொண்டு நிற்கும்.

நம் இளம்பிள்ளை அம்மாளின் கணக்கில் இதைப் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் யோசித்து முடிப்பதற்காக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அவர் காத்திருக்கிறார் என்றால், அது அரை மணியாகும். மாதம் 25 நாள் வேலை என்றால் பன்னிரண்டரை மணி நேரம் மிச்சம். டிசைனுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அது வெறும் நேரம் அல்ல, காசு.

தறியைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கம்ப்யூட்டருக்கும் நெசவுக்கும் சம்பந்தம் இன்று நேற்று வந்ததல்ல. பிரான்ஸ் தேசத்தில் ஜக்கார்டு என்பவர் 1804-ம் ஆண்டு வாக்கில், துளை போட்ட அட்டைகளைக் கோத்து, அந்தத் துளைகளின்படியே பூ வேலை நெய்கிற தறியைச் செய்தார். அந்த அட்டை முறையைத்தான் இங்கிலாந்தில் சார்ல்ஸ் பாபேஜ் தம்முடைய கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக் கொண்டார். இயந்திரம் அவர் காலத்தில் முடியவே இல்லை. ஆனால் அது எப்படி வேலை செய்யும் என்று 1843-ல் விரிவாக எழுதி, அதை ஜக்கார்டு தறியோடு ஒப்பிட்டுக் காட்டியவர் ஒரு பெண்மணி, அடா லவ்லேஸ். சேலை டிசைனைக் கம்ப்யூட்டரில் போடும் நம் ஊர்ப் பெண்கள், தாய் வீட்டுச் சொத்தைத்தான் அனுபவிக்கிறார்கள் என்று சொல்லலாம்.

மண்டியிட்ட தலைவர்

துடிப்பை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் நம்மைப் போன்ற அப்பாவிகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். உலகமே ஏமாந்த காலம் ஒன்று உண்டு.

2000-ம் ஆண்டு நவம்பரில் இன்டெல் கம்பெனி பென்டியம் 4 என்ற பிராஸஸரைக் கொண்டு வந்தது. அதன் வேகம் 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ். அந்த நாளில் அது பிரமாத எண். ஆனால் அந்த எண்ணை எட்டுவதற்காக, ஒவ்வொரு வேலையையும் இருபது சின்னப் படிகளாக நறுக்கியிருந்தார்கள். முந்திய பென்டியம் 3-ல் பத்துப் படிதான். படி சிறிதானால் கால் வேகமாகப் போகும். ஆனால் மாடிக்குப் போய்ச் சேர வேண்டுமே! சில வேலைகளில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-யிடமே 1.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 தோற்றது.

போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி.க்கு இது பெரிய சங்கடமாயிற்று. அவர்களுடைய அத்லான் பிராஸஸர், குறைந்த துடிப்பிலேயே நிறைய வேலை செய்தது. அதை ஜனங்களுக்கு எப்படிப் புரிய வைப்பது? 2001-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு தந்திரம் செய்தார்கள். 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராஸஸருக்கு "1800+" என்று பெயர் வைத்துவிட்டார்கள்! துடிப்பைச் சொல்லாமல், வேலைத் திறனைச் சொல்கிற பெயர். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அன்றிலிருந்து பெட்டி மேல் இருக்கிற எண்ணுக்கும் உள்ளே இருக்கிற சரக்குக்கும் இருந்த உறவு அறுந்து போயிற்று. இன்று நம்மைக் குழப்புகிற ஏழும் மூன்றும் அதற்குப் பின்னால் வந்தவைதாம்.

இன்டெல்லும் கடைசியில் வழிக்கு வந்தது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வருகிறது, வருகிறது என்று சொல்லிக் கொண்டே இருந்துவிட்டு, 2004 அக்டோபரில் வராது என்று கைவிட்டார்கள். அப்போது கம்பெனித் தலைவராக இருந்த கிரெய்க் பாரெட், அமெரிக்காவில் ஒரு பெரிய கூட்டத்தின் மேடையில், வேடிக்கையாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். துடிப்பை ஏற்றுவதை விட்டுவிட்டுத் தறியை அகலமாக்குகிற வேலையில் எல்லோரும் இறங்கியது அதற்குப் பிறகுதான்.

ஏழுக்கும் ஒரு நியாயம்

இவ்வளவு சொன்னதால் பழைய ஏழு குப்பை என்று அர்த்தம் இல்லை. அது தன் காலத்தில் ராஜா. 140 கோடி டிரான்ஸிஸ்டர்களை உள்ளடக்கியது. 1971-ல் வந்த முதல் இன்டெல் பிராஸஸரில் இருந்தவை சுமார் 2,300 மட்டுமே என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸ். பார எடை, டீசல், டிரைவர் பேட்டா என்று கணக்கு எழுத வேண்டும். அல்லது ஒரு கோழிப் பண்ணை. தீவனம் எத்தனை மூட்டை, முட்டை எத்தனை அட்டை என்று பதிவு செய்ய வேண்டும். இதற்கெல்லாம் ஐ-7 4770 தாராளமாகப் போதும். இரு மடங்கு வேகமான பிராஸஸரைக் கொண்டு வந்து வைத்தாலும் கணக்குப்பிள்ளையின் விரல் இரு மடங்கு வேகமாகத் தட்டப் போவதில்லை!

ஆனால் அந்தப் பழைய பெட்டியில் ஹார்ட் டிஸ்க் என்கிற சுழலும் தட்டு இருந்தால், முதல் காரியமாக அதை மாற்றி எஸ்.எஸ்.டி. போடச் சொல்லுங்கள். அந்தத் தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது, விநாடிக்கு 120. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரும் வரையில் காத்திருக்க வேண்டும். ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதை எடுக்கச் சொன்னால் விநாடிக்கு நூறைத் தொடுவதே கஷ்டம். எஸ்.எஸ்.டி.யோ ஆயிரக் கணக்கில், பதினாயிரக் கணக்கில் எடுத்துத் தரும். "கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருக்கிறது" என்று வீடுகளில் கேட்கும் புலம்பலில் பாதிக்கு மேல் இந்தச் சுழல் தட்டின் பாவம்தான் என்பது என் அபிப்பிராயம். பிராஸஸர் மேல் வீண் பழி.

பழையதை வாங்குவதில் வேறு இரண்டு இக்கட்டுகள் இருக்கின்றன. ஒன்று சின்னது. யூடியூப் போன்ற இடங்களில் இப்போது ஏ.வி.1 என்ற புதிய முறையில் சுருக்கிய படங்கள் வருகின்றன. 12100-ன் படப் பகுதிக்கு அதைத் தானே விரிக்கத் தெரியும். 4770-ன் படப் பகுதிக்குத் தெரியாது. அந்தச் சுமையும் கோர்களின் தலையில் விழும். பெண் பாடம் கேட்கும்போது விசிறி "ஹோ" என்று இரைந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இரண்டாவதுதான் பெரியது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு, 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்து கொண்ட வீட்டுக்காரர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் ஓராண்டு நீட்டிப்பு. அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாவது தலைமுறையும் அதற்கு மேலும் இருந்தால்தான் முறைப்படி ஏறும். நான்காவது தலைமுறை ஐ-7, ஏழாக இருந்தும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது; பன்னிரண்டாவது தலைமுறை ஐ-3 நேரே உள்ளே போகிறது! குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள் சிலர். ஏறும். ஆனால் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று கியாரண்டி கிடையாது. வங்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி.யும் பார்க்கிற பெட்டியில் இந்த விஷப் பரீட்சை வேண்டாம். லினக்ஸ் பழகத் தயார் என்றால் பழைய பெட்டி இன்னும் சில வருஷம் நன்றாகவே உழைக்கும்.

ஆபீஸ்களில் எத்தனையோ பழைய பெட்டிகள் இதனாலேயே கழிக்கப்படுகின்றன. "ஐ-7 மலிவு விலையில்" என்ற பலகையைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

நம் பக்கத்து வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோடையில் சேலம், நாமக்கல் சமவெளியில் 40 டிகிரி சர்வ சாதாரணம். எந்த விசிறியாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராஸஸரை வைத்திருக்க முடியாது. உள்ளே சூடு 100 டிகிரியை நெருங்கினால், இந்த இரண்டு பிராஸஸர்களும் தற்காப்புக்காகத் தாமே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். தறி வீடுகளில் பஞ்சுத் தூசி வேறு. விசிறி இறகில் மெத்தையாகப் படியும். பத்து வருஷம் ஓடின பெட்டியில், பிராஸஸருக்கும் மேலே உள்ள உலோகத்துக்கும் நடுவே தடவிய பசையும் காய்ந்திருக்கும். பழையதை வாங்கினால் அந்தப் பசையைப் புதிதாகத் தடவித் தரச் சொல்லுங்கள்.

மின்சாரச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். முழு மூச்சில் ஓடும்போது இரண்டுமே ஒரு பழைய கூரை விசிறி அளவுக்குத்தான் தின்னும்.

ஓர் எழுத்து ஜாக்கிரதை!

ஐ-3 என்று தீர்மானித்துவிட்டீர்களா? அவசரப்பட வேண்டாம். 12100-க்கு ஒரு தம்பி இருக்கிறான். பெயர் 12100 எஃப். கோர், நூல், வேகம் எல்லாம் அதேதான். விலை மட்டும் குறைவு. "அட, நல்லதாப் போச்சு" என்று வாங்கி வந்து திரையைச் சொருகினால் ஒன்றும் தெரியாது! அந்த "எஃப்" என்ற எழுத்துக்கு, திரையில் படம் காட்டும் பகுதி இல்லை என்று பொருள். தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் சொருகினால்தான் படம் வரும். குறைந்த விலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தக் கார்டுக்கே போய், மேற்கொண்டும் கேட்கும்.

ஏ.எம்.டி. பக்கம் போனால் இதே கதை வேறு விதம். அந்தக் கம்பெனியை 2014-லிருந்து நடத்தி வருபவர் லிஸா ஸூ என்ற பெண்மணி, தைவானில் பிறந்தவர். முழுகிப் போகும் என்று பேசப்பட்ட கம்பெனியைத் தூக்கி நிறுத்திய பெருமை அவருக்கு உண்டு. அவர்களுடைய ரைஸன் 5 5600, ஆறு கோர் கொண்ட அருமையான பிராஸஸர். ஆனால் அதில் படப் பகுதி கிடையாது. 5600 ஜி என்று வாங்கினால் உண்டு. அங்கே எழுத்து இருந்தால் படம். இங்கே எழுத்து இருந்தால் படம் இல்லை! யார் இந்தப் பெயர்களை வைக்கிறார்களோ, அவர்கள் கையில் ஒரு நாள் மளிகைக் கடைச் சீட்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கடையில் 13100, 14100 என்று இருந்தால் அவை 12100-ன் உடன்பிறப்புகள்தாம். உச்ச வேகம் 4.5, 4.7 என்று கொஞ்சம் கூடுதல். விலை வித்தியாசம் சொற்பமானால் வாங்கலாம்; இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்கு ராமைக் கூட்டிக் கொள்ளுங்கள்.

கடையிலேயே பந்தயம்

மார்க்குப் பட்டியல் எல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கு. உங்கள் வேலைக்கு எது நல்லது என்று உங்கள் வேலைதான் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பதிலேயே பெரிய டிசைன் கோப்பு ஒன்றை, அல்லது உங்கள் கம்ப்யூட்டரை அதிகமாகத் திணற அடிக்கிற எந்த வேலையையாவது, ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டு பெட்டிகளிலும் ஒரே மென்பொருளில் அதைத் திறக்கச் சொல்லுங்கள். நிறம் மாற்றுவது, பெரிதாக்குவது, அச்சுக்கு அனுப்பத் தயார் செய்வது என்று ஒரே வேலையைக் கொடுங்கள். கையில் இருக்கும் போனிலேயே விநாடிக் கடிகாரம் இருக்கிறது, அதைத் தட்டிவிடுங்கள்.

இரண்டிலும் ராம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்றில் சுழல் தட்டும் மற்றதில் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் பந்தயம் செல்லாது. நீங்கள் ஒப்பிடுவது பிராஸஸரை அல்ல, தட்டை. ஒரு தரம் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாமல் மூன்று தரம் ஓட்டுங்கள். முதல் தரம் எப்போதும் கொஞ்சம் சுணங்கும். தவிர, குளிரூட்டிய கடையில் இரண்டு நிமிஷம் பறக்கிற பெட்டி, நம் வீட்டு மே மாதத்தில் இருபது நிமிஷம் கழித்து எப்படி ஓடும் என்பது வேறு விஷயம். ஆகவே அந்த மூன்று தரத்தையும் இடைவிடாமல் ஓட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். பட்டுச் சேலைக் கடையில் நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்கிறவர்கள், நாம் இங்கே மட்டும் ஏன் சங்கோஜப்பட வேண்டும்?

பெட்டிக்குள் இருப்பது என்னவென்று கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. விசைப் பலகையில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒரு சேர அழுத்துங்கள். ஒரு சின்னச் சாளரம் திறக்கும். அதில் "பெர்பார்மன்ஸ்" என்ற பகுதியில் பிராஸஸரின் முழுப் பெயரும் எண்ணும் தெரியும். வெளியே ஒட்டியிருக்கிற பளபளப்பான ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். ஸ்டிக்கர் தனியாகவும் விற்கிறது. அந்த முழு எண்ணையும், கடைசி எழுத்தோடு சேர்த்து, பில்லில் எழுதி வாங்குங்கள். "ஐ-7 கம்ப்யூட்டர் ஒன்று" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், தயவு தாட்சண்யம் இல்லாமல் பில்லைத் திருப்பிக் கொடுத்து வேறு போடச் சொல்லுங்கள்.